முந்தைய படம்

நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த அவளுக்கு நடத்துனர்கள் வைத்திருந்த பெயர் எக்ஸ்ரே. நேரில் மேடம் என்று குழைவார்கள். அவள் இறங்கிப் போனதும் பின்னால் வரும் வண்டிக்குப் போன் போட்டு, "எக்ஸ்ரே மூணாவது ஸ்டாப்புல நிக்குது, பார்த்துக்கோ" என்பார்கள். இது அவளுக்கும் தெரியும். கோபம் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

டிக்கெட் எடுத்தவன் பையைத் துழாவுவான், எரிந்து விழுவான், சில நேரம் சண்டைக்கே வருவான். எடுக்காதவன்தான் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். தூங்குவதுபோல் நடிப்பவனுக்கு இமைக்குள் கண்மணி ஓடிக்கொண்டிருக்கும். பழைய பாஸில் தேதியைச் சுரண்டித் திருத்தியவன் அதை நீட்டும்போது கட்டைவிரல் சரியாகத் தேதியின் மேல் இருக்கும். பதினான்கு வருடத்தில் இதையெல்லாம் அவள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டிருந்தாள். எங்கேயாவது தப்பு நடந்தால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கேட்டதற்குப் பதில் சொல்வான், கேட்காததைச் சொல்லமாட்டான். வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டு மகளோடு உட்கார்ந்துவிடுவான். பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்று அவன்தான் மகளுக்குச் சுண்டு என்று பெயர் வைத்தான். ஒன்பது வயதாகியும் அதுவே நிலைத்துவிட்டது.

சுண்டு பிறந்தபோது நீலமாக இருந்தாள். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இன்னொன்றாக இடம் மாறி இருந்தன. பிறந்த மறுநாளே அவளை வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருந்ததால் அம்மா பிரசவம் நடந்த இடத்திலேயே படுத்துக் கிடந்தாள். அப்பாதான் ஆம்புலன்ஸில் கூடப் போனான். எட்டாம் நாள் குழாய்களை மாற்றித் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஓடலாம், ஆடலாம், வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஓடினாள், ஆடினாள். படிப்பில்தான் வண்டி நகரவில்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டதை அவள் பாதி எழுதுவதற்குள் டீச்சர் அழித்துவிடுவார். "பையை வை, கையைக் கழுவு, தட்டை எடுத்துட்டு வா" என்றால் பையை வைப்பாள். பிறகு நடுக்கூடத்தில் நின்று யோசிப்பாள். அப்பா மட்டும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வான். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் பள்ளி வண்டி வந்துவிடும். கவனமே இல்லை என்று டீச்சர் சொன்னார். சோம்பேறித்தனம் என்று அம்மா சொன்னாள். எல்லாம் அப்பன் கொடுக்கும் செல்லம் என்பது அவளுடைய முடிவு. பாடம் எழுதவேண்டிய நேரத்தில் இருவரும் தரையில் உட்கார்ந்து, டப்பாவில் இருக்கும் போல்ட்டுகளில் நட்டுகளைப் பொருத்திக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பிள்ளையின் விரலெல்லாம் கிரீஸ் கறை வேறு.

ஒருநாள் சாயங்காலம், ஒரே பக்கத்தை மூன்றாவது தடவையாகத் தப்பாக எழுதிக் காட்டியபோது, அவள் கை நீண்டுவிட்டது. கன்னத்தில் நாலு விரல் பதிந்தது. கணவன் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

அந்த வருடம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பழைய டாக்டர் ஓய்வு பெற்றிருந்தார். புதிதாக வந்திருந்த இதய டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டாள், ஸ்கேன் பார்த்தாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, அதுவரை அங்கே யாருமே கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"ஸ்கூல்ல எப்படிப் படிக்கிறா?"

அம்மா சொல்லத் தொடங்கினாள். பொத்தான், கரும்பலகை, மூன்று வேலை, எல்லாம். டாக்டரம்மா குறுக்கிடாமல் எழுதிக்கொண்டாள்.

"மூளையை ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம். அப்புறம் எங்க உளவியலாளர் ஒரு டெஸ்ட் வைப்பாங்க."

"இதயத்தைக் காட்ட வந்தா மூளையை எதுக்கு டாக்டர் பார்க்கணும்?"

"இப்படி இதயத்தோட பிறக்குற குழந்தைகள்ல சில பேருக்கு மூளையிலயும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கலாம்மா. எல்லாருக்கும் இல்ல. இருந்தா, என்ன உதவி செய்யணும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்."

இதைச் சொல்லும்போது டாக்டரம்மாவின் பார்வை ஒரு நொடி கணவன் பக்கம் போய்த் திரும்பியதை அவள் கவனித்தாள். கணவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூக்கில் வேர்த்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு. "ஒன்பது வருஷமா கேக்காதவங்க இன்னைக்கு ஏன் கேக்குறாங்க? ஆபரேஷன்ல என்னமோ தப்பு நடந்திருக்கு. இதயத்தை நிறுத்திட்டு மிஷின்ல ஓட்டுவாங்களாமே, அதுல எங்கேயோ கோட்டை விட்டிருக்காங்க. இப்ப பூசி மெழுகப் பார்க்குறாங்க."

"அப்படியெல்லாம் இருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்துக்கலாம்" என்றான் அவன். அது அவனுடைய கருவிப் பெட்டியில் எப்போதும் இருக்கும் ஒரே சாமான்.

படம் எடுக்கும் நாள் வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கணவன் மகளைத் தயார் செய்தான். கிளிப்பைக் கழற்றினான், கம்மலைக் கழற்றினான். "உள்ள போனா முதல்ல டக் டக்னு சத்தம் வரும். அப்புறம் யாரோ சுவத்துல ஆணி அடிக்கிற மாதிரி. கொஞ்ச நேரம் நிக்கும், முடிஞ்சிருச்சுன்னு நினைப்பே, முடிஞ்சிருக்காது. மறுபடி பெருசா ஒரு சத்தம் வரும். அசையாம இருக்கணும், சரியா?"

சுண்டு தலையாட்டினாள். உள்ளே போய்ச் சிலை மாதிரி படுத்துக் கிடந்தாள்.

"இந்தச் சத்தமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

"கூட வேலை பார்க்குறவனுக்கு முதுகுல எடுத்தாங்க. அப்ப நானும் போயிருந்தேன். அவன் சொன்னான். நானும் வெளியில நின்னு கேட்டேன்."

கேட்டதற்கு ஒரு பதிலுக்கு மேல் சொல்லாத மனிதன் மூன்று பதில் சொன்னான். அதுவும் சிரித்துக்கொண்டே. ஆனால் அன்று அவள் சந்தேகமெல்லாம் ஆஸ்பத்திரியின் மேல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

நாலு நாள் கழித்து அறிக்கை வந்தது. நடைபாதையில் நின்றபடியே உறையைப் பிரித்தாள். மூளையின் வெள்ளைப் பகுதியில் சில சிறிய பழைய புள்ளிகள் இருப்பதாக எழுதியிருந்தது. வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிட மூளை சற்றே சிறியது. ஞாபகத்தோடு தொடர்புடைய பகுதி ஒன்றும் அப்படியே. கடைசி வரியில் அவள் கண் நின்றது: "முந்தைய படத்துடன் ஒப்பிடுகையில் புதிய மாற்றம் எதுவும் இல்லை."

முந்தைய படமா? எந்த முந்தைய படம்?

கணவன் மகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். "இவளுக்கு இதுக்கு முன்னாடி தலையில படம் எடுத்திருக்காங்களா?" என்றாள்.

"இல்லையே" என்றான். "எடுத்த மாதிரி தெரியலையே. ஞாபகம் இல்ல."

அப்படியானால் கதை இன்னும் மோசம் என்று தோன்றியது அவளுக்கு. ஒன்று, வேறு ஏதோ ஒரு பிள்ளையின் படத்தை இவளுடையது என்று சேர்த்திருக்கிறார்கள். அல்லது தங்கள் தப்பை மறைக்க, முன்பே இருந்தது என்று ஒரு காகிதத்தைச் செருகியிருக்கிறார்கள். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாள்.

கோப்பு அறை கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. குமாஸ்தா கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பழைய கோப்பு என்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்.

"நான் உக்காந்திருக்கேன் சார். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்ல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அரை மணி நேரத்தில் கோப்பு வந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். பிறந்த நான்காம் நாள், அறுவைக்கு நான்கு நாள் முன்னால், தலையை எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தார்கள். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றித் தூங்கவைத்து எடுத்ததாகக் குறிப்பு. வெள்ளைப் பகுதியில் சிறு புள்ளிகள். மாதம் நிறைந்து பிறந்த குழந்தையின் மூளையைவிட ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கிய வளர்ச்சி.

முதலில் நம்பவில்லை. தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் துளையிட்ட இடம் மற்றத் தாள்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள். முத்திரையின் தேதியை நகத்தால் தடவினாள். அதுவும் போதாமல், "அந்த மாசத்து ஸ்கேன் ரிஜிஸ்டரைக் காட்டுங்க" என்றாள்.

"நீங்க என்ன போலீஸா?"

"பஸ் செக்கர்."

"அதான் பார்த்தேன்" என்று பெருமூச்சு விட்டு அதையும் எடுத்துப் போட்டார்.

பதிவேட்டில் முன்னும் பின்னும் வேறு குழந்தைகள், அதே மை, அதே கையெழுத்து, வரிசை எண் தப்பவில்லை. இடையில் செருகியது இல்லை. ஆஸ்பத்திரியின் மேல் தப்பில்லை.

கோப்பின் அடுத்த தாளைத் திருப்பினாள். "படத்தின் விவரம் குழந்தையின் தந்தைக்கு விளக்கப்பட்டது." கீழே கையெழுத்து. கடைசி எழுத்து மேலே ஏறி, அடியில் ஒரு கோடு. ரேஷன் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் அவள் பார்த்துப் பழகிய கையெழுத்து. அதற்குப் பின்னால் இரண்டு கடித நகல்கள்: இரண்டு வயதில் வளர்ச்சிப் பரிசோதனைக்கு அழைத்துவரவும். "வரவில்லை" என்று சிவப்பு மையில் குறிப்பு. அதற்கும் கீழே, "தந்தையுடன் தொலைபேசியில் பேசப்பட்டது. பிறகு வருவதாகச் சொன்னார்."

குமாஸ்தா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அது அவள் காதில் விழவில்லை.

கணவன் அன்று ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலையில் இருந்தான். லிஃப்ட் வாசலில் பழுது என்று அட்டை தொங்கியது. படியேறிப் போனாள். மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்குள் அவன் குந்தி உட்கார்ந்து கம்பிக் கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்க வாசலில் நின்றதைப் பார்த்ததுமே அவன் முகம் வெளிறிவிட்டது.

"சுண்டுக்கு என்ன?"

"சுண்டு ஸ்கூல்ல இருக்கா. நாலாம் நாள் எடுத்த படத்தைப் பார்த்துட்டு வரேன்."

அவன் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான்.

"நீ அன்னைக்கு எழுந்து உக்காரவே முடியாம கிடந்தே. பிள்ளை பிழைக்குமான்னே தெரியாது. அதுக்கு நடுவுல இதையும் எப்படிச் சொல்றது?"

"சரி. அன்னைக்குச் சொல்லல. மறுநாள்?"

அவன் கயிற்றைத் துடைத்தான்.

"மறு மாசம்? மறு வருஷம்? லெட்டர் வந்தப்ப?"

"டாக்டர் சொன்னாரு, படத்துல இருக்கிறதால இப்படித்தான் ஆகும்னு சொல்ல முடியாதுன்னு. ஒண்ணுமே இல்லாமலும் போகலாம்னாரு. நல்லா ஓடி ஆடிட்டு இருந்தா. அந்தச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனா உனக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா நீ அவளை விடமாட்டே. நின்னா பார்ப்பே, உக்காந்தா பார்ப்பே. பிள்ளைன்னு பார்க்காம, குறை எங்கேன்னு பார்த்துக்கிட்டே இருப்பே."

"அந்த நட்டு, போல்ட்டு?"

"விரலுக்கு நல்லதுன்னு அந்த டாக்டர் ஏதோ சொல்லியிருந்தாரு. எனக்குத் தெரிஞ்ச மாதிரி செஞ்சேன்."

"ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் சொல்லுவீங்களே அவகிட்ட, அதுவும் இதுதானா?"

தலையை ஆட்டினான்.

அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஆத்திரம் வந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நான் அவளைச் சோம்பேறின்னு திட்டுறதைப் பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க. நான் அடிச்சப்ப அவளைத் தூக்கிட்டு மாடிக்குப் போனீங்களே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே? எனக்குத் தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பேனா?"

கீழே ஐந்தாவது மாடியிலிருந்து யாரோ, லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கத்தினார்கள்.

"சரி பண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

இரண்டு வாரம் வீட்டில் அவசியமான பேச்சு மட்டும்தான். அந்த நாட்களில் அவளுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். அலமாரியில் இருந்த காகிதங்களை எல்லாம் கொட்டிப் பார்த்தாள். அவன் போன் அடித்தால் காது அங்கே போனது. அவன் உண்மையிலேயே வேலைக்குத்தான் போகிறானா என்றுகூட ஒருநாள் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள். வண்டியில் எத்தனையோ பேரைப் பிடித்தவளுக்கு, ஒன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் ஒருவன் மூடி வைத்திருந்தது தெரியாமல் போனதை நினைத்தால் வேலை மீதே நம்பிக்கை விட்டுப்போனது. ஒரு நடத்துனரின் கணக்குத் தாளைச் சரியாகப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் பயந்துபோய், "மேடம், உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றான்.

பிறகு இருவருமாக டாக்டரம்மாவிடம் போனார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னாள் அவள். டாக்டரம்மா திரையில் போட்டுக் காட்டினாள். இடது பக்கம் நாலு நாள் குழந்தையின் மூளை, மடிப்பு குறைவாக, வழவழப்பாக. வலது பக்கம் ஒன்பது வயது மூளை. இரண்டிலும் ஒரே இடத்தில் மிளகு அளவில் புள்ளிகள்.

"இது ஆபரேஷனால வந்தது இல்ல?"

"இல்லம்மா. அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. இதயம் இப்படி அமைஞ்சதால வயித்துல இருக்கும்போதே மூளைக்குப் போற ரத்தத்துல ஆக்சிஜன் குறைவு. அதனால மூளை கொஞ்சம் மெதுவா வளர்ந்திருக்கு. இதுல உங்க தப்பும் இல்ல, யார் தப்பும் இல்ல."

"நீங்க இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே பேசினீங்களா? அன்னைக்கு அவரைப் பார்த்தீங்களே."

டாக்டரம்மா திகைத்தாள். "கோப்புல தந்தைகிட்ட சொன்னதா இருந்துச்சு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். நீங்க கேட்ட விதத்துலதான் தெரியாதுன்னு புரிஞ்சுது."

"ரெண்டு வயசுலயே வந்திருந்தா?"

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினாள். "உதவியைக் கொஞ்சம் சீக்கிரம் ஆரம்பிச்சிருக்கலாம். அதனால எவ்வளவு வித்தியாசம் ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. புள்ளியை வச்சு ஒரு பிள்ளையை எடை போட முடியாதும்மா. இதைவிட அதிகப் புள்ளி இருந்து நல்லா படிக்கிறவங்களும் இருக்காங்க. ஒரு புள்ளியும் இல்லாம தடுமாறுறவங்களும் இருக்காங்க."

கணவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். தோள் குலுங்கியது. அவள் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை. ஆனால் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

உளவியலாளர் சுண்டுவை இரண்டு காலைப்பொழுது உட்காரவைத்துச் சோதித்தார். புரிந்துகொள்ளும் திறனில் குறையில்லை. பேச்சில் வயதை மிஞ்சுகிறாள். வேகம் குறைவு, ஒரே நேரத்தில் பலவற்றை மனதில் நிறுத்துவது கடினம், விரல்கள் மெதுவாகத்தான் பழகும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அம்மா பள்ளிக்கூடம் போனாள். கரும்பலகையில் எழுதுவதை அச்சடித்துக் கொடுக்க ஏற்பாடு ஆனது. தேர்வுக்கு அரை மணி நேரம் கூடுதல். வாரம் இரண்டு நாள் கைப் பயிற்சி. அதற்கு அப்பாவும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டு அழைத்துப் போனார்கள். பயிற்சி தருபவர் நட்டு, போல்ட்டு விஷயத்தைக் கேட்டுவிட்டு, நிறுத்தாதீர்கள் என்றார். கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

அவனை மன்னித்தாளா என்றால், ஒரே நாளில் ஆகும் காரியமா அது? ஆஸ்பத்திரிக் காகிதம் எது வந்தாலும் இருவரும் சேர்ந்து படிப்பது என்று அவள் சொன்னாள். அவன் சரி என்றான். சில நாள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அது நினைவுக்கு வந்துவிடும், பேச்சு அறுந்துவிடும். அவனும் ஏன் என்று கேட்கமாட்டான்.

மகளிடம் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை வாரிவிடும்போது சொன்னாள். "அம்மா அன்னைக்கு உன்னை அடிச்சேன்ல? அது ரொம்பத் தப்புடா தங்கம்."

"என்னைக்கு?" என்றாள் சுண்டு.

"கணக்கு நோட்டுல எழுதினப்ப. கன்னத்துல."

"ஞாபகம் இல்லையே."

சீப்பு நின்றுவிட்டது. உண்மையிலேயே மறந்துவிட்டாளா? படத்தில் எழுதியிருந்த அந்த ஞாபகப் பகுதியின் வேலையா இது? இல்லை, அம்மா வருத்தப்படக்கூடாதென்று பொய் சொல்கிறாளா? அப்பனைப் போலவே மூடி வைக்கப் பழகிவிட்டாளா? பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டாள்.

அந்த வருடக் கடைசித் தேர்வின்போது, கூடுதல் அரை மணி நேரத்துக்காக வாசலில் காத்திருக்க அவள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்தாள். சுண்டுவோ எல்லாருக்கும் முன்னால், ஜாமெட்ரி பெட்டியை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏய், உனக்கு இன்னும் நேரம் இருக்கேடி! நான் எவ்வளவு அலைஞ்சு வாங்கின அரை மணி நேரம் தெரியுமா?"

"தெரிஞ்சதை எல்லாம் எழுதிட்டேம்மா. தெரியாததை அரை மணி நேரம் உக்காந்து பார்த்தா தெரிஞ்சிருமா? பசிக்குது."

கணவன் சாயங்காலம் இதைக் கேட்டு, வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பள்ளியில் இறங்கி, மகள் உண்மையிலேயே முழுதும் எழுதினாளா என்று டீச்சரிடம் விசாரித்தாள். எழுதியிருந்தாள். இரண்டு கேள்வியைத் தவிர.